பயனாளி உயிருடன் உள்ளார்

விக்கிரமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சிந்துவுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் உயிரோடும் நலமாகவும் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய், டிரெஸ்டனில் குளிர் தொடங்கிவிட்டதா. உயிரோடு என்பதை முதலில் எழுதக் காரணம் உண்டு. அன்றைக்கு நீ பதறிப்போய்க் கூப்பிட்டபோது, ஒன்றுமில்லை, எல்லாரும் இருக்கிறோம், அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அந்த அப்புறம் இதுதான். போனில் சொன்னால் நீ பாதியிலேயே சிரித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

பெரம்பலூரில் மசாஜ் படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியது உனக்குத் தெரியும். வீட்டில் வைத்துச் செய்தாலும் உரிமம் இல்லாமல் ஒருவர் காலைக்கூடத் தொடக் கூடாது என்று நந்தினி மேடம் வகுப்பில் சொல்லி அனுப்பியிருந்தார். உரிமம் கேட்டு ஆபீசுக்குப் போனேன். மசாஜ் என்று சொன்னதும் நாலு மேசையிலும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் மட்டும் தைரியமாக, வூட்டுக்காரருக்குத் தெரியுமாம்மா என்று கேட்டார். பெண்களுக்கு மட்டும்தான் சார் என்றேன். அப்படியென்றால் அழகு நிலையமா என்றார். அழகுக்கு ஒன்றும் செய்ய மாட்டேன், வலிக்குத்தான் என்றேன். வலி என்றால் ஆஸ்பத்திரி ஆகிவிடுமே என்று கவலைப்பட்டார். கடைசியில், ஆய்வாளர் நேரில் வந்து பார்ப்பார், அவர் வரும்போது ஒரு பயனாளியை வைத்துச் செய்து காட்ட வேண்டும், அவர் எழுதுவதுதான் முடிவு என்று சொல்லி அனுப்பினார்கள். பயனாளி என்றால் நம்மிடம் வந்து படுக்கிறவர். உரிமம் கிடைக்காவிட்டால் நான் மறுபடி முந்திரி உடைக்கப் போக வேண்டியதுதான். அந்த ஓட்டு எண்ணெய் பட்டு என் விரல் எப்படிக் கறுத்துத் தோலுரிந்து கிடந்தது என்று உனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் உன் கன்னத்தைத் தொட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். படிக்கப் போன பிறகு நல்லெண்ணெயிலேயே கிடந்து கை கைமாதிரி ஆகியிருக்கிறது. அதை நான் திருப்பிக் கொடுக்கத் தயாராக இல்லை.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஊரான் காலப் புடிக்கவா பஸ் ஏறிப் போயிப் படிச்ச என்று ஒரு தடவை கேட்டார். ஆனால் மேசை வேண்டும் என்றதும், மோட்டார் ரிப்பேர் கடையைப் பூட்டிவிட்டுப் போய் அவரே ஒன்று கொண்டுவந்தார். இரும்புச் சட்டம். ஓர் ஆள் நீளம். ஆடவில்லை, அடியில் சக்கரம் வேறு. சாமியானா கடை ஜெயப்பிரகாஷ் பழசென்று ஒதுக்கிவைத்திருந்ததாம். பிணத்துக்கு ஐஸ் பெட்டி வைக்கிற ஸ்டாண்டு அது. எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றார். பச்சை அடித்தார். இந்த ஊரில் எந்த வீட்டுக்குத்தான் அது போகவில்லை. எல்லாரும் ஒரு தடவையாவது அதன் காலருகில் உட்கார்ந்து அழுதவர்கள். பச்சை அடித்தால் மறந்துவிடுமா. நான்தான் யோசித்திருக்க வேண்டும். மேசை கிடைத்த சந்தோஷம்.

மிச்சத்தை நீ சொன்னாய். அங்கேயெல்லாம் வெள்ளை விரிப்புதான், கீழே ஒன்று மேலே ஒன்று, வெளிச்சம் கம்மியாக இருக்க வேண்டும், தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு, நல்ல வாசனை என்று வீடியோவில் காட்டினாய். நந்தினி மேடமும் ஊதுபத்தி ஏற்றச் சொல்லியிருந்தார். நீவி முடித்ததும் ஆளை உடனே எழுப்பக் கூடாது, அப்படியே கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வெளியே போய்விட வேண்டும் என்பதும் அவர் பாடம்தான். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. தப்பு அங்கேதான்.

ஆய்வாளர் வருவதாகச் சொன்ன நாளில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வருகிறபோது மேசையில் ஆள் இருக்க வேண்டுமே என்று முறுக்கு சுடுகிற பொன்னம்மாளைத் தினமும் கூப்பிட்டுப் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு முட்டிவலி. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நீவி முடித்துப் போர்த்திவிட்டேன். ஈ மொய்க்கிது, மூஞ்சியையும் மூடிவிடு கலையரசி என்றாள். மூடினேன். காற்றுக்காகத் தெருக்கதவைத் திறந்து வைத்தேன். அந்த நேரம் பார்த்து மும்முனைக் கரண்டு வந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் துண்டு துவைக்கப் போய்விட்டேன். மோட்டார் ஓடினால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

தெருவில் போன யாரோ உள்ளே பார்த்திருக்கிறார்கள். ஸ்டாண்டு. வெள்ளைத் துணி. தலைமாட்டில் விளக்கு, ஊதுபத்தி. வாசலில் பொன்னம்மாளின் பின்னூசி குத்திய ரப்பர் செருப்பு. வேறென்ன வேண்டும். முதலில் வந்தவர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்தார். அந்தச் செருப்பைப் பார்த்து அடுத்தவர் வந்தார். ஜெயப்பிரகாஷை யாரும் கூப்பிடவில்லை. அவனாகவே லோடு ஆட்டோவில் நீல நாற்காலியும் சாமியானாவும் ஐஸ் பெட்டியும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். வந்தவன் சும்மா இருக்காமல், அப்பா பெயரைப் போட்டு, இராமலிங்கம் இல்லத்தில் துக்கம் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டான். செத்தது யார் என்று போடவில்லை. அதுதான் உனக்கு வந்தது.

கரண்டு போய் மோட்டார் நின்றது. அப்போதுதான் ஒப்பாரி கேட்டது. ஈரத்துண்டோடு உள்ளே ஓடிவந்தால் கூடம் நிறையப் பெண்கள். ஒருத்தி என்னைக் கட்டிக்கொண்டு, உன் வூட்டுல வந்துதானா அவ உசுரு போவணும் என்று அழுதாள். எனக்கு வேறு மாதிரி தோன்றவில்லை சிந்து. பொன்னம்மாள் செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். என் கையைப் பார்த்தேன். எந்த இடத்தில் அழுத்தினேன், எந்த நரம்பு. உரிமம் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் அது வந்ததே என்று வெட்கமாகவும் இருந்தது.

தலைமாட்டில் செல்வம்மாள் உட்கார்ந்திருந்தாள். பொன்னம்மாளின் நாத்தனார். ஒரு கல்யாணத்தில் பொன்னம்மாளை இவள் முதல் பந்தியிலிருந்து எழுப்பி இரண்டாம் பந்தியில் உட்கார வைத்ததிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை, ஒரே குழாயடியில் நின்றாலும் பேச மாட்டார்கள். அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதுகொண்டிருந்தாள். எங்கண்ணிய பந்தியிலேர்ந்து எழுப்புனனே, பாயசம் தீந்துபோச்சுன்னு பொய் சொன்னனே, குண்டான் நிறைய இருந்துச்சே என்று மாரில் அடித்துக்கொண்டாள். உன்ன மாதிரி முறுக்கு யாரு சுடுவா இந்த ஊருல என்றாள். பின்னால் யாரோ மெதுவாக, முறுக்குல உப்புதான் எப்பவும் தூக்கலா கெடக்கும் என்றார்கள்.

துணிக்கு அடியிலிருந்து, யாருடி அவ என்று சத்தம் வந்தது.

கூடம் காலியாக அதிக நேரம் ஆகவில்லை. ஒருத்தி கொல்லை வழியாக ஓடி மாட்டுத்தொட்டியில் விழுந்தாள். ஜெயப்பிரகாஷ் ஐஸ் பெட்டியை இறக்கியும் இறக்காமலும் வண்டியை எடுத்துவிட்டான். செல்வம்மாள் மட்டும் ஓடவில்லை. எழுந்து உட்கார்ந்த அண்ணியின் தோளில் பளாரென்று ஓர் அடி வைத்துவிட்டு, இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டா கெடந்த என்றாள். பாயசம் இருந்துச்சாடி என்று கேட்டாள் பொன்னம்மாள். இருந்துச்சு என்றாள் இவள். எனக்கு அப்பவே தெரியும் என்றாள் அவள்.

நான் வாசலுக்கு வந்தேன். கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவில் ஒன்றில் மட்டும் அப்பா உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ், ஒரு காலில்தான் செருப்பு. கடைக்குப் போன் செய்தவன், உங்க வூட்டுல எழவுண்ணே என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம். நம் வீட்டில் அவரை விட்டால் நான்தானே. வாசல் வரை வந்தவருக்கு உள்ளே போகக் கால் வரவில்லை. என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், அடுப்ப அணைச்சியா என்றார். அடுப்பே பத்த வைக்கலீங்க என்றேன். சரி என்றார்.

அவர் தோளில் கை வைத்தபடி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவரை அப்போதுதான் பார்த்தேன். அவர்தான் ஆய்வாளர். சாமியானாவைப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றி, வந்ததற்கு அப்பாவுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். என்னிடமும், மனசத் தேத்திக்குங்கம்மா, ஆய்வுக்குத்தான் வந்தேன், இந்த நேரத்துல வேணாம், காரியமெல்லாம் முடியட்டும் என்றார். யாரும் சாகலீங்க சார், உள்ள வந்து பாருங்க என்றேன். அவர் நம்பவில்லை. துக்கத்தில் இப்படிப் பேசுகிறவர்களை அவர் பார்த்திருக்கிறார் போல. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். பொன்னம்மாள்தான் விரிப்பைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கே வந்து, சார் நாந்தான் அது என்றாள்.

அதற்கப்புறம் ஆய்வு நடந்தது. தரையைப் பார்த்தார், முதலுதவிப் பெட்டியைப் பார்த்தார், மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார், இதை எங்கோ பார்த்திருக்கிறேனே என்றார். முட்டி இப்ப எப்படியிருக்கு என்று பொன்னம்மாளைக் கேட்டார். அவள் உட்கார்ந்து எழுந்து காட்டினாள், வலிய தேடிப் பாத்தன் சார், காணோம் என்றாள். பயனாளி நலமாக உள்ளார் என்று எழுதினார். கொஞ்சம் யோசித்தார். அதை அடித்துவிட்டு, பயனாளி உயிருடன் உள்ளார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

உரிமம் வந்துவிட்டது. இரண்டு நிபந்தனை. வேலை நடக்கும்போது தெருக்கதவு சாத்தியிருக்க வேண்டும். பயனாளியின் முகத்தை மூடக் கூடாது. அதில்தான் புதுச் சிக்கல். வருகிறவர்கள் எல்லாரும் கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறார்கள். முகத்தை மூடச் சொல்கிறார்கள். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து டவுன் பஸ் ஏறி வந்த ஒரு அம்மா, பொன்னம்மாளுக்குச் செஞ்ச மாதிரியே எனக்கும் செய்யி என்று அடம்பிடித்தார். வலி ஒருபக்கம், தன்னைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று கேட்க ஆசை ஒருபக்கம். முடியவே முடியாது, உரிமம் போய்விடும் என்றேன். திரும்பிப் போனவர், சாயங்காலம் தன் ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். கதவைச் சாத்தினேன். முகத்தை மூடவில்லை. இவர் படுத்துக் கண்ணை மட்டும் மூடிக்கொண்டார், அவர் தலைமாட்டில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் இடம் மாறிக்கொண்டார்கள். இப்போது எல்லாரும் ஜோடியாகத்தான் வருகிறார்கள். பாதிப் பேர் பேச்சில்லாதவர்கள். நான் பாட்டுக்குக் காலை நீவிக்கொண்டிருக்கிறேன். உரிமத்தில் இதற்குத் தடை எதுவும் எழுதவில்லை, மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன்.

போன புதன்கிழமை யாரும் வரவில்லை. அப்பா மத்தியானமே கடையிலிருந்து வந்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மேசையில் ஏறிப் படுத்தார். பெண்களுக்கு மட்டும் என்று போர்டு இருக்கிறதே என்றேன். நான் பயனாளி இல்ல என்றார். கதவைச் சாத்தினேன். உள்ளங்காலில் எண்ணெய் வைத்ததும் கூச்சத்தில் காலை இழுத்தார், அப்புறம் விட்டுவிட்டார். எல்லாரும் என்னமோ சொல்லுவாங்களாமே என்றார். நான் குதிகாலை நீவ ஆரம்பித்தேன். அன்றைக்கு அந்த நாற்காலியில் என்ன நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. கால் மட்டும் கனமாக இருந்தது.

ஒன்று எழுத வேண்டும். அன்றைக்கு நீ கூப்பிட்டு, நான் பேசுவதற்கு முன்னாலேயே, அம்மா அம்மா என்று அழுதாய். நான் உடனே பேசியிருக்கலாம். பேசவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டேன். பொன்னம்மாளுக்குக் கிடைத்தது எனக்கும் கிடைத்தது. அவளுக்கு முட்டிவலி போனது. எனக்கு ஒன்றும் போகவில்லை, உன்னை அழ விட்டுக் கேட்டேனே என்பது புதிதாக வந்து உட்கார்ந்துகொண்டது.

சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே. குளிரில் வெறுங்காலோடு தரையில் நிற்காதே. உனக்கும் உன் வேலைக்கும் எங்கள் இரண்டு பேர் ஆசியும் எப்போதும் உண்டு, நம் ஊர் ஐயனார் உன்னைக் காப்பார். மறக்காமல் அங்கிருந்து விரிப்பு வாங்கி அனுப்பு, வெள்ளை வேண்டாம், பூப்போட்டது, எவ்வளவு பெரிய பூவானாலும் பரவாயில்லை. பொங்கலுக்கு லீவு கிடைத்து நீ வந்தால் உன்னைத்தான் முதலில் அதில் படுக்க வைப்பேன். தலைமாட்டில் யாரையும் உட்கார விட மாட்டேன். ஊதுபத்தி கிடையாது. கதவைச் சாத்திவிட்டு, எல்லா விளக்கையும் போட்டு, உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே காலைப் பிடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உயிருடன் உள்ள உன் அம்மா,
இரா. கலையரசி