நட்சத்திரத்துக்குக் கொடுத்த வயர்

ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள், இரவு.

நான் ஆபீசில் இருக்கும்போது மறதி நோயுள்ள அப்பா கதவைத் திறந்தால் என் போனில் மணி அடிக்கும். இன்று அடிக்கவில்லை. எதிர்வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டிதான் போன் செய்தார். “அப்பா சர்ச் கேட்டாண்ட நிக்கிறாரும்மா, உனக்குத் தெரியாதா?”

ஓடி வந்து அப்பாவை வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டுப் பார்த்தால், கதவைக் கவனிக்கும் யுஎஸ்பி கருவியைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. கருவியில் விளக்கு எரிந்ததால் வயர் சரிதான் என்று நினைத்து போர்ட்டை மாற்றினேன், டிரைவர் சாஃப்ட்வேரைத் திரும்பப் போட்டேன். கடைசியில்தான் வயரைப் பார்த்தேன். போன மாதம் வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கு வயர் நீளம் போதவில்லை என்று இதன் வயரை உருவிக்கொண்டு, தகவல் போகாமல் கரண்ட் மட்டும் போகிற நட்சத்திர வயரை இதில் செருகியவள் நானேதான்.

மணி அடிக்காத நாளெல்லாம் அப்பா வீட்டில் இருக்கிறார் என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். எத்தனை தடவை வெளியே போனீர்கள் என்று கேட்டேன்.

“தினமும் உங்கம்மா கூடத்தானே போறேன்,” என்றார்.

அம்மா இறந்து மூன்று வருடமாகிறது.