வரி முடிந்ததும் ஒரு மூச்சு

ராணுவ பேண்ட் பயிற்சிப் பள்ளி, பெண்கள் விடுதி
ஜனவரி 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்: சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஜெபம் பண்ணுகிறேன். முதல் இரண்டுக்கும் இங்கே மணி அடிக்கிறார்கள், ஜெபத்துக்கு மட்டும் மணி இல்லை. அதனால் மற்றவர்கள் எழுவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து கட்டில் ஓரமாக முழங்கால் போடுகிறேன். செல்போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். பயிற்சி முடியும்வரை கடிதம்தான். தபால் ஆபீசில் வேலை பார்க்கும் உனக்கு இந்த ஏற்பாட்டில் ஏதாவது பங்கு உண்டா என்று எனக்குச் சந்தேகம்.

அறையில் நாங்கள் இரண்டு பேர். மற்றவள் டிரம் அடிப்பவள், என்னைவிட மூத்தவள், அக்கா என்று கூப்பிடுகிறேன். அவளுக்குச் சாமி பூதம் எதிலும் நம்பிக்கை கிடையாது. முதல் நாள் நான் முழங்காலில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "என்ன தொலைஞ்சு போச்சு? நானும் தேடட்டுமா?" என்று கட்டிலுக்கடியில் குனிந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "சரி, பேசறப்ப என் முட்டிவலியையும் ஒரு வார்த்தை சொல்லி வை" என்றாள். தினமும் சொல்கிறேன்.

இப்போது என் கஷ்டத்தைக் கேள். நடந்துகொண்டே டிரம்பெட் ஊத வேண்டும். நடை வந்துவிட்டது. ஊதுவது சபையில் பத்து வருஷமாக ஊதியதுதான். இரண்டும் சேர்ந்தால்தான் வம்பு. ஒவ்வொரு வரி முடிந்ததும் கடைசிச் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, சபையார் எல்லோரும் வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறேன். நான் காத்திருந்தால் என் காலும் நின்றுவிடுகிறது. பின்னால் வரும் அக்காவின் டிரம் என் முதுகில் இடிக்கிறது, அவள் முதுகில் அடுத்தவர். நேற்று வரிசை முழுவதும் மூட்டை அடுக்கியது மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக நின்றது. பேண்ட் மாஸ்டர் நிதானமாக நடந்து வந்து, "யாருக்கும்மா காத்திருக்கே? பஸ் வரணுமா?" என்றார். எனக்குப் பெயரும் வைத்தாகிவிட்டது. பிரேக்கு.

ஆனாலும் அம்மா, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன். அதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. நான் கிளம்பியபோது நீ வாசலுக்கு வரவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றாய், உன் செருப்பு தெரிந்தது. அதற்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

உன் அன்பு மகள்,
பாப்பா


பிப்ரவரி 2

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு அம்மா எழுதுவது.

உன் கடிதம் என் கவுண்டருக்கே வந்தது. தபால்தலையைக் கோணலாக ஒட்டியிருக்கிறாய். தபால்காரி மகள் என்று வெளியே சொல்லிவிடாதே.

நான் சுகமாக இருக்கிறேன். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. நீ இருக்கும்போது இந்தச் சத்தம் எப்போது ஓயும் என்றேன், இப்போது ஓய்ந்துவிட்டது, இதையும் நான்தான் குறை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆராதனையில் உன் இடத்தில் நம் டெய்லர் அண்ணன் கீபோர்டு வாசிக்கிறார். பக்திக்குக் குறைவில்லை. ஆனால் பண்டிகைக்கு முந்தின நாள் துணி தைக்கிற வேகம். ஒரு வரி முடிவதற்குள் அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறார். போன ஞாயிறு சபை மூன்று கூட்டமாகப் பிரிந்து பாடி முடித்தது. ஆமென் கூட இரண்டு தவணையாக வந்தது.

இனி எழுதப் போவதை வேறு யார் வாயாலும் நீ கேட்கக் கூடாது. கமிட்டி கூடியது. சபையின் டிரம்பெட்டை எடுத்தவர்கள் போருக்குரிய இடத்தில் ஊதினால், மறுபடி ஆராதனையில் ஊதக் கூடாது என்பது நம் சபை ஒழுங்கு. உனக்கென்று செய்ததல்ல, நீ பிறப்பதற்கு முன்பே இருப்பது. அது உனக்கும் பொருந்தும் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். முதலில் கை தூக்கியவள் நான்தான்.

டிரம்பெட் சபையுடையது. அதை அனுப்பிவிடு. இல்லையென்றால் நீயே கையில் எடுத்துக்கொண்டு வந்துவிடு. பயிற்சி முடிவதற்கு முன்னால் வந்துவிட்டால் உன் நாற்காலி உனக்கே என்று எல்லோரிடமும் பேசி வைத்திருக்கிறேன்.

துப்பாக்கியைப் பார்த்து எனக்குப் பயமில்லை. நீ முன்னால் ஊதிக்கொண்டு போவாய், ஊர்ப்பட்ட பிள்ளைகள் உன் பின்னால் நடந்து வருவார்கள். அவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்று நீ கேட்க முடியாது. அதுதான் என் பயம். ஆண்டவர் கொடுத்த மூச்சை இதற்குச் செலவழிப்பதா?

ஜெபத்துடன்,
அம்மா

உன் அக்காவின் முட்டிக்கு என்ன பிரச்சினை, வீக்கமா வலியா என்று எழுது. மொட்டையாக ஜெபம் பண்ண எனக்கு வராது.


பிப்ரவரி 19

அன்புள்ள அம்மாவுக்கு,

டிரம்பெட்டை இன்று பார்சலில் அனுப்பினேன். தபால்தலையை அளவுகோல் வைத்து ஒட்டினேன். துடைத்து, வால்வுக்கு எண்ணெய் விட்டு, என் பழைய சட்டையில் சுற்றியிருக்கிறேன். சட்டையை வைத்துக்கொள். பட்டாளத்து டிரம்பெட் புதுசு. பழையதில் என் கட்டைவிரல் உட்காரும் பள்ளம் ஒன்று இருக்குமே, அது இதில் இல்லை. கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கோபம் இருக்கிறது. நீ முதலில் தூக்கியிருக்க வேண்டாம், மூன்றாவதாகத் தூக்கியிருக்கலாம்.

உன் கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பாதிதான் இருக்கிறது. நடந்து போகிறவர்களுக்கு முன்னால் ஊத ஒரு பேண்டே இருக்கிறது. திரும்பி வராதவர்களுக்காகக் குழிமேட்டில் தனியாக நின்று ஊத ஒரே ஒருவர்தான். அந்த ஒருவராக இருக்கத்தான் வந்தேன். இறுதி அழைப்பு என்று அதற்குப் பெயர். சாகிறவர் யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் அவருக்காக உள்ளுக்குள் ஜெபிக்கத் தெரிந்த ஒருத்தி ஊதட்டும் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஆனால் அதற்குத் தேர்ச்சி பெற வேண்டும். இந்த மாதம் முடிவதற்குள் வரிக்கு வரி நிற்பதை விடாவிட்டால் மூட்டையைக் கட்டு என்று பேண்ட் மாஸ்டர் சொல்லிவிட்டார். நீ சந்தோஷப்படலாம்.

ஏன் நிற்கிறேன் என்று அக்கா கேட்டாள். "உன் சபையில அவ்ளோ பேரும் கிழடா?" என்றாள். உனக்கு இதை நான் சொன்னதே இல்லை. நான் நிற்பது சபைக்காக அல்ல, உனக்காக. நீ முன்வரிசையில் நின்று பாட்டை எடுத்துக் கொடுப்பாய். மூன்றாம் சரணம் வந்தால் உனக்கு மூச்சு எட்டாது. வரி முடியும்போது உன் வலது தோள் மேலே ஏறும். அது இறங்கும்வரை சுரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், பிறகுதான் அடுத்த வரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து அப்படித்தான். இங்கே மைதானத்தில் எந்தத் தோளும் ஏறுவதில்லை. ஆனாலும் கண் தேடுகிறது.

உன்,
பாப்பா

அக்காவுக்கு வீக்கம் இல்லை, வலிதான். இடது முட்டி.


மார்ச் 6

மகளுக்கு,

எனக்கா மூச்சு எட்டாது? முப்பது வருஷமாகச் சபைக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்கிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்று கவுண்டரில் ஒருவர் உறை கேட்டார், மணியார்டர் பாரத்தைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுவது என்று போனேன். டெய்லர் அண்ணன் வழக்கம்போல் ஓடினார். முதல் சரணம் போனது. இரண்டாம் சரணமும் போனது. மூன்றாம் சரணம் இரண்டாவது வரியில் வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. அப்படியே நின்றேன். நான் உருகி நிற்கிறேன் என்று நினைத்து சபையில் நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பக்கத்திலிருந்தவர் எனக்குக் கைக்குட்டை கொடுத்தார். இல்லை, மூச்சுதான் இல்லை என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டேன்.

டாக்டரிடம் போனேன், பயப்பட ஒன்றுமில்லை. வயசு, எடை, மாடிப்படி மூன்றில் எதையாவது குறைக்கச் சொன்னார். மாடியைக் குறைத்துவிடுகிறேன் என்றேன். சாப்பாட்டைச் சொன்னேன் என்றார்.

பார்சல் வந்தது. பெறுபவள் நான், கையெழுத்து வாங்குகிறவளும் நான். ஆராதனை முடிந்து டெய்லர் அண்ணன் எடுத்து ஊதிப் பார்த்தார். அடுத்த தெருவில் ஒரு நாய் பதில் சொன்னது. இப்போது அது உன் நாற்காலி மேல் இருக்கிறது. யாரும் அதில் உட்காரவும் இல்லை, அதை எடுத்து அலமாரியில் வைக்கவும் இல்லை.

ஆனால் ஒன்று. எனக்கு மூச்சு வாங்குகிறது என்பதற்காகத் தூக்கிய கை இறங்கிவிடாது. செத்தவர் யாரானாலும் ஊதுவேன் என்கிறாயே, அவர் யார், என்ன செய்தார் என்று கேட்பாயா? கேட்காமல் ஊதினால் அது என்ன ஜெபம்? இதற்குப் பதில் எழுது. சுற்றி வளைக்காதே.

அம்மா


ஏப்ரல் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் நல்ல செய்தி: தேறிவிட்டேன். இனி சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

மைதானத்தில் நிற்பது போய்விட்டது. அக்காதான் வழி கண்டுபிடித்தாள். வரி முடியும்போது என் முதுகுக்குப் பின்னால் மெதுவாக, "அம்மா நல்லா இருக்காங்க, நட" என்பாள். ஒரு வாரம் சொன்னாள். பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

போன வாரம் ஓர் அடக்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். அதையே என் பரீட்சையாக வைத்துக்கொள்வதாக பேண்ட் மாஸ்டர் வண்டியில் ஏறிய பிறகுதான் சொன்னார். நீ சொன்னபடி கேட்டேன். இறந்தவர் யார், என்ன செய்தார்? அவர் பட்டாளத்துச் சமையல்காரர். ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிவிட்டது. துப்பாக்கியைவிட கரண்டி பிடித்த நாள்தான் அதிகம் என்று அவர் மைத்துனர் சொன்னார். நம் மார்க்கம் அல்ல. அந்த வீட்டார் அவர்கள் வழக்கப்படி எல்லாம் செய்து முடித்தார்கள். நான் ஓரமாக நின்று என் வழக்கப்படி ஜெபித்தேன். ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இல்லை.

ஊத ஆரம்பித்தேன். வரிக்கு வரி நிறுத்த வேண்டிய நேரம் அந்த அழைப்பிலேயே குறித்திருக்கும், அதற்கு மேல் ஒரு நொடி எடுக்கக் கூடாது. கடைசிக்கு முந்தின வரி முடிந்தது. அப்போது அவர் மனைவி பெட்டியைத் தொடக் குனிந்தார். சின்ன உருவம். குனிந்தவரால் நிமிர முடியவில்லை. வலது தோள் ஏறி ஏறி இறங்கியது. எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை, அம்மா. காத்திருந்தேன். அவர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, மூச்சு விட்ட பிறகுதான் கடைசி வரியை ஊதினேன்.

திரும்பும்போது பேண்ட் மாஸ்டர் பாதி வழி வரை குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டே வந்தார். அப்புறம், "நீ நின்னது தப்பு. மார்க் குறைச்சுட்டேன்" என்றார். சரி சார் என்றேன். "குறைச்சும் பாஸ் ஆயிட்டே. அடுத்த தடவ நிக்காதே" என்றார். இறங்கும்போது, "அந்தம்மா போறப்ப உன்னத்தான் திரும்பித் திரும்பிப் பாத்தாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதுதான் என் பதில். கேட்டேன். தெரிந்துகொண்டேன். கேட்காமல் இருந்திருந்தாலும் ஊதியிருப்பேன். அது ஜெபம் அல்ல என்று யாராவது சொன்னால், அவர்கள் அந்த இடத்தில் இல்லை என்று சொல்வேன். கமிட்டிக்கும் அதையே சொல்வேன்.

மே முதல் சனிக்கிழமை எங்கள் நிறைவு அணிவகுப்பு. குடும்பத்தார் வரலாம். வா அம்மா. இந்த முறை கதவுக்குப் பின்னால் நிற்க இங்கே கதவு இல்லை, திறந்த மைதானம்.

உன் அன்பு மகள்,
பாப்பா


மே 9

கர்த்தருக்குள் பிரியமான என் மகளுக்கு,

நான் வந்தேன். வாசல் காவலரிடம் உன் அக்காவுக்கென்று முட்டித் தைலம் கொடுத்தேனே, அதை வைத்து நீ தெரிந்துகொண்டிருப்பாய். அணிவகுப்பு முடிந்ததும் கிளம்பிவிட்டேன். அழுது வீங்கிய முகத்தோடு உன் அதிகாரிகள் முன்னால் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை. அதற்காக என்னிடம் கோபித்துக்கொள், சீக்கிரம் விட்டுவிடு.

என் பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உங்கள் பேண்டுக்குப் பின்னால் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். மீசை முளைக்காத முகங்கள். இப்போது காலையில் அவர்களுக்காகவும் ஜெபம் பண்ணுகிறேன், அதனால் தபால் ஆபீசுக்குத் தினமும் தாமதம்.

திங்கட்கிழமை கமிட்டி கூடியது. நான் எழுந்து, "போன தடவ முதல்ல கை தூக்கினது நான். இப்ப முதல்ல இறக்கறதும் நான்" என்றேன். டெய்லர் அண்ணன், "ஒழுங்கு ஒழுங்குதானேக்கா? அவ பட்டாளத்துக்குத்தானே ஊதினா?" என்றார். "ஒரு சமையல்காரருக்கு ஊதினா. அவர் சம்சாரம் நிமிர்ற வரைக்கும் நின்னு ஊதினா. நம்ம சபையில யாரு யாருக்காக நின்னிருக்கோம்?" என்றேன். நீ மறுபடி ஆராதனையில் ஊதலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தது. எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொண்டவர்கள் போதுமான பேர். டெய்லர் அண்ணன் ஒத்துக்கொண்டார். அவருக்கும் இளைப்பாற வேண்டும் போலிருக்கிறது.

அணிவகுப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீ என்னைக் கடக்கும்போது ஒரு வரி முடிந்தது. நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். நீ நிற்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மாவின் கையைப் பிடித்து, "பாருங்க, என் பொண்ணு நிக்காம போறா" என்றேன். இதில் என்ன பெருமை என்று அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு எங்கே தெரியும்?

அங்கே அப்படியே நட. யாருக்காகவும் நிற்காதே, எனக்காகவும். ஆனால் லீவு கிடைத்து ஒரு ஞாயிறு நம் சபையில் உன் நாற்காலியில் உட்கார்ந்தால், முதல் இரண்டு சரணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். மூன்றாம் சரணத்தில் என் தோளைப் பார். நீ பார்ப்பது இனி எனக்குத் தெரியும், கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். இருந்தாலும் நில்.

உன்,
அம்மா