உன் மகளின் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறேன்

ஸ்ரீபெரும்புதூர்
பங்குனி, 1991

என் உயிர்த்தோழி செல்விக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இன்று எழுதுகிறேன் என்றால் பயம்தான் காரணம். உன் மகள் வசந்தி நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். இதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முந்தாநாள் டியூட்டி முடிந்து பிள்ளைப்பாக்கத்தில் உன் வீட்டுக்குப் போனேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உன் வீட்டுக்காரர் கம்பெனியில் ஓ.டி. பார்க்கப் போயிருந்தார். உன் நாத்தனார் ராணியக்காதான் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“புள்ளைக்கு மணல்வாரி அம்மை போட்டுக்கீது. ஆத்தா வூட்டுக்குள்ள கீறா. நீ ஆஸ்பத்திரி தீட்டோட வந்துகீற. உள்ள வராத, புள்ளயத் தொடாத.”

“தொடலக்கா. இங்கருந்தே பாத்துட்டுப் போறேன்.”

நர்ஸ் டிரெயினிங்கில் நீயும் நானும் முதலில் படித்தது என்ன? தொடுவதற்கு முன்னால் பார். பார்த்தேன், செல்வி. வேப்பிலைப் படுக்கையில் சட்டையில்லாமல் கிடந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் மூக்கு விடைத்தது. விலாவுக்குக் கீழே சதை உள்ளே குழிந்து குழிந்து போனது. என்னைப் பார்த்ததும் சிணுங்கினாள். அழுகிற பிள்ளையின் மூச்சை எண்ணினால் கணக்கு தப்பிவிடும் என்று, அவள் அடங்கும்வரை காத்திருந்து வாட்சைப் பார்த்து எண்ணினேன். நம்பாமல் மறுபடியும் எண்ணினேன். இரண்டு தடவையும் நிமிஷத்துக்கு அறுபதுக்கு மேல்.

“இன்னாக்கா, மூச்சு இப்டி வாங்குது?”

“அது புள்ள மூச்சா? ஆத்தா மூச்சுடீ. உக்கிரமா கீறா. மூணு தண்ணி ஊத்தினா எறங்கிடுவா.”

சிரிக்காதே. எனக்கும் அந்தப் பயம் உண்டு. தண்ணீர் ஊற்றும் முன்னே பிள்ளையை வாசல் தாண்டித் தூக்கிப்போய் ஏதாவது ஆகிவிட்டால் ஆத்தாவுக்கு என்ன பதில் சொல்வேன்? விட்டுவிட்டு வந்தால் உனக்கு என்ன பதில் சொல்வேன்?

“சரிக்கா, நான் தொடல. நீயே கைய வச்சுப் பாரு. விலாவுக்குக் கீழ. அப்பறம் அதே கைய உன் விலாவுல வச்சுப் பாரு.”

வேண்டாவெறுப்பாக வைத்தாள். தன் மேல் வைத்தாள். திரும்பவும் பிள்ளை மேல் வைத்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று.

“அய்யோ, உள்ள இஸ்துக்கினு போவுதே ஜெயா! காலைலருந்து தண்ணிகூட எறங்கல. இன்னாடீ பண்றது?”

அதற்கப்புறம் என்னைவிட அவளுக்குத்தான் அவசரம். “தாயே, மன்னிச்சுக்கோ” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, வேப்பிலையோடு பிள்ளையை வாரிச் சுருட்டி ஆட்டோவில் ஏறினாள்.

நிமோனியா என்றார் டாக்டர். ஊசி போட்டுக்கொண்டிருக்கிறோம், ஆக்ஸிஜன் போகிறது. ராணியக்கா தலைமாட்டில் வேப்பிலைக் கொத்து வைத்திருக்கிறாள். எடுக்கச் சொன்ன வார்டு ஆயாவிடம் நான்தான் சண்டைக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் வராந்தாவில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருக்கிறார். காய்ச்சல் கொஞ்சம் விட்டிருக்கிறது. மூச்சு இன்னும் வேகம்தான். உதடு நீலமாகிறதா, பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறாளா என்று பார்த்தபடியே இருக்கிறேன்.

இன்று காலையில் அவளே கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. கதவுப் பக்கம் பார்த்துச் சிரித்தாள். “அம்மா” என்று கையை நீட்டினாள். நாலு வயசுப் பிள்ளை, உன் முகமே அவளுக்கு நினைவிருக்காது என்றுதான் நினைத்திருந்தேன். கதவருகே யாரும் இல்லை. செல்வி, நீ வந்தாயா? பார்க்க வந்தாயா, கூட்டிப்போக வந்தாயா?

நீட்டிய கையை நான் பிடித்துக்கொண்டேன். ஒரு கையில் அவளைப் பிடித்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உன்னை நினைத்து நான் அழாத நாள் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், கேள். கதவுவரை வா, கண்குளிரப் பார், போய்விடு. அவளைக் கூப்பிடாதே. நீயே வந்து கேட்டாலும் தர மாட்டேன். அவளுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடத்தில் விட்டு, ஆளாக்கி நான் பார்த்துக்கொள்வேன். உன்மேல் சத்தியம்.

உன் பிள்ளைக்குப் பெரியம்மா,
ஜெயா