நாவடக்கச் சட்டமும் உலகாயியின் கூத்தும்

நலம் நிலைக்க. மூன்று புறம் கடலும் நான்காம் புறம் குடிகளின் அன்பும் காவலாய் நிற்கும் ஆழிவளநாட்டின் அரசி, அந்நியர் கொடி இறக்கிய பெருமாட்டி, மன்றங்களைக் குடிகளின் கையில் தந்த இளவேண்மாள் திருமுன்னர், சட்ட அமைச்சன் எயினன் சாத்தன் முகத்துறைப் பட்டினத்திலிருந்து வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குடைநிழல் குன்றாதிருக்க. தலைநகரத்தார் நோயின்றி வாழ்க.

தாங்கள் இட்ட கட்டளையை அடியேன் நிறைவேற்றினேன். ஐந்தாம் நாள் அதை நானே மீறினேன். எவ்வாறு நிகழ்ந்தது என்பதை மூன்று முறை எழுதி மூன்று ஏட்டையும் முறித்துப் போட்டேன். இதுவும் செம்மையாக வருமென்ற உறுதியில்லை. ஆயினும் இதையே அனுப்புகிறேன்.

முகத்துறை ஊர்ச்சபைத் தலைவர் கொற்றனார் இருமுறை குடவோலையால் தேர்வு பெற்றவர். இம்முறையும் நின்றார். உப்பளத்தில் வேலை செய்யும் உலகாயி என்னும் பெண் எழுதிய கூத்து தம்மை இழிவு செய்கிறது என்று அவர் முறையிட்டார். தேர்தல் முடியும்வரை கூத்தை நிறுத்தி, எழுதியவளைக் காவலில் வைக்குமாறு தாங்கள் பணித்தீர்கள். ஆறு வீரருடன் வந்து சேர்ந்தேன்.

கூத்தின் கதை சிறியது. வெண்பாய்க் கப்பலாராகிய அந்நியர் ஆண்ட நாளில், அதிகாரிமுன் தலைப்பாகையை அவிழ்க்க மறுத்துச் சவுக்கடி வாங்குகிறான் ஒருவன். நாடு மீண்டபின் அவனே தலைவனாகிறான். ஒருநாள் தன் வாயிலைப் பார்க்கிறான். குடிகள் தலைப்பாகையைக் கக்கத்தில் இடுக்கி நிற்கிறார்கள். அவன் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போகிறான். அவ்வளவே. கொற்றனார் முதுகில் அந்தச் சவுக்கின் தழும்புகளை நான் கண்டிருக்கிறேன். அவர் சபை வாயிலில் உப்பளத்தார் எப்படி நிற்கிறார்கள் என்பதையும் இவ்வூர் வந்த அன்றே கண்டேன்.

நண்பகலில் உப்பளம் சென்றேன். உலகாயி முழங்கால் வரை உப்புநீரில் நின்று வாரிக்கொண்டிருந்தாள். ஆள்வோரை இழித்துரைப்பவரைச் சிறையிடும் நாவடக்கச் சட்டத்தின் ஏட்டை அவள்முன் படித்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஏட்டை வாங்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே தருகிறேன்.

"ஐயா, இந்த எடத்துல மட்டும் ஓலை மெலிசா இருக்கு பாருங்க. பழைய பேரச் சுரண்டிட்டு மேல புதுப் பேரு எழுதியிருக்காங்க. சட்டம் அந்தக் கப்பக்காரங்களோடதுதானே?"

பெருமாட்டி, அதைச் சுரண்டியது இந்தக் கை. கப்பலார் நீங்கிய ஆண்டில் அவர்தம் சட்ட ஏடுகளை எரிப்பதா வைப்பதா என்று தாங்கள் வினவினீர்கள். இந்த ஒன்றை மட்டும் வைத்திருப்போம், என்றேனும் தேவைப்படும் என்று சொன்னவன் அடியேன். அவர்கள் மன்னன் பெயரை நீக்கித் தங்கள் திருப்பெயரைப் பொறித்தவனும் அடியேன். பதினோராண்டாக அந்த ஏட்டை நான் திரும்பப் பார்த்ததில்லை. ஓர் உப்பளப் பெண் ஒரே பார்வையில் கண்டுகொண்டாள்.

அவளைச் சிறையில் வைத்தேன். கூத்தேடுகளைப் பறித்து என் பெட்டியில் பூட்டினேன். அன்றுமுதல் என்னால் ஓரிடத்தில் அமர்ந்து ஒரு கடிதம் எழுத முடியவில்லை.

ஐந்தாம் நாள் காலை குடிகள் தமக்கு வேண்டியவர் பெயரை ஓலை நறுக்கில் எழுதிக் குடத்தில் இட்டனர். பிற்பகல் குடத்தைக் கவிழ்த்தோம். சபைக் கணக்கர் முதல் நறுக்கை எடுத்து வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். உரக்கப் படியும் என்றேன். உலகாயி என்றார். அடுத்ததும் அதுவே. மூன்றில் இரண்டு பங்கு நறுக்குகளில், போட்டியில் நில்லாத, சிறையில் கிடக்கும் ஒருத்தியின் பெயர் இருந்தது. சிலர் பெயரோடு "கூத்து எப்போ?" என்றும் எழுதியிருந்தார்கள்.

காவலில் உள்ளவர் சபையில் அமரலாகாது என்று விதி உண்டு. ஆகவே அந்த நறுக்குகள் செல்லா என்றார் கொற்றனார். விதிப்படி அவர் சொன்னது சரி. வெளியே உப்பளத்தார் திரண்டிருந்தனர். ஒருவரும் கூச்சலிடவில்லை. ஒருவர் தலையிலும் பாகை அவிழவில்லை. வீரர்கள் ஈட்டியை இறுகப் பிடித்த விதத்தைக் கண்டு அஞ்சினேன். ஒரு கல் பறந்திருந்தால் இந்த ஓலை வேறொரு செய்தியைச் சுமந்து வந்திருக்கும்.

கொற்றனாரை அழைத்துக்கொண்டு சிறைக்குச் சென்றேன். அவர் கம்பிக்கு இப்பால் நின்று கேட்டார்:

"நான் பாகையக் கழட்டச் சொன்னேனா, உலகாயி? ஒருநாளாவது சொல்லியிருக்கேனா?"

"இல்லண்ணே. வேணாம்னும் ஒருநாளும் சொல்லலியே."

"அதுக்கு ஊர் சிரிக்க வச்சுட்டியே. எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே."

"வந்தேண்ணே, ரெண்டு தடவ. வாசல்லயே நிக்க வச்சு அனுப்பிட்டாங்க. அப்பதான் எழுத உக்காந்தேன்."

அவர் முகம் சுருங்கியது. வெளியேறினார். தம் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டவர் இன்றுவரை திறக்கவில்லை. அவர் மனம் மாறியதோ, பகை முற்றியதோ, அறியேன்.

சபைத் தலைமையை ஏற்பாயா என்று அவளை வினவினேன். அவள் சிரித்தாள். "எனக்கு எதுக்குய்யா அது? மறுபடியும் ஓலை போட்டு வேற ஆளத் தேடட்டும். வர்றவங்களையும் எழுதத்தானே போறேன். எம் பொழப்பு உப்பு; எம் வேல கூத்து. ஏட்ட மட்டும் குடுத்துருங்க" என்றாள்.

கதவைத் திறக்கச் சொன்னேன். எந்த விதிப்படி என்று வீரர் தலைவன் கேட்டான். தெரியாது, திற என்றேன். சபை வாயிலில் நின்று அவள் கூத்தேடுகளை முதலிலிருந்து கடைசிவரை நானே உரக்கப் படித்தேன். நாவடக்கச் சட்டத்தின்படி, எழுதியவருக்கு உள்ள தண்டனையே படித்தவருக்கும் உண்டு. பிறகு ஏடுகளை அவள் கையில் கொடுத்தேன்.

ஆதலின் அடியேனின் விண்ணப்பம் இது. அந்தச் சட்டத்தை நெருப்பிலிடுக. அன்றேல் அதன்படி முதலில் என்னைத் தண்டிக்க. சட்டம் நிற்க, அடியேனும் பதவியில் நிற்க, இரண்டும் இனி இயலாது. அந்நியனைத் துரத்திவிட்டு அவன் அச்சத்தை மட்டும் நாம் ஏன் வைத்துக்கொண்டோம் என்று உள்ளம் ஓயாமல் கேட்கிறது. குடிகளுக்குக் குடத்தைக் கொடுத்து நாவைப் பூட்டினால், அவர்கள் நறுக்கில் எழுதுவது யார் பெயர்?

தங்கள் மறுமொழி வரும்வரை இப்பட்டினத்தில் எவர் ஏடும் பறிக்கப்படலாகாது, எவர் கூத்தும் தடுக்கப்படலாகாது, இன்றிலிருந்து பதினைந்தாம் நாள் மறு குடவோலை நடைபெற வேண்டும் என என் இலச்சினையிட்டு ஆணை பிறப்பித்துள்ளேன். அது அத்துமீறலாயின் பொறுப்பு என்னுடையது. வீரர்மேல் பழி வேண்டா.

நாளை மாலை உப்பளத்து மேட்டில் கூத்து. உலகாயி புதிதாக ஒரு காட்சி சேர்த்திருக்கிறாள் என்றும், அதில் அமைச்சன் ஒருவன் வருகிறான் என்றும் கேள்வி. அவன் நல்லவனா என்று ஆள் விட்டுக் கேட்டேன். வந்து பார்க்கட்டும் என்று சொல்லியனுப்பினாள். போகிறேன், பெருமாட்டி. உப்பளத்தார் நடுவே தரையில் அமர்வேன்.

நாடு நீடு வாழ்க. நாவும் வாழ்க. முகத்துறையில், பங்குனித் திங்கள் வளர்பிறை ஏழாம் நாள், என் கையால் எழுதி இலச்சினை வைத்தேன்.

எயினன் சாத்தன்.