ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பேசுங்கள்

வில்லியனூர்,
ஞாயிற்றுக்கிழமை

கிறிஸ்டினா அப்பாவுக்கு,

லூர்து மாதா துணை. நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் நான் வாயைத் திறந்தாலே டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று கட் பண்ணிவிடுகிறீர்கள். அதனால்தான் குவைத்துக்குத் திரும்பும் அருள்முருகனிடம் வடகப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். காகிதத்தைக் கட் பண்ண முடியாது.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் செய்தது அநியாயம். ரூமில் இருக்கிற அத்தனை பேரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, "ஹைட்ராலிக்குன்னா இன்னாடி, சொல்லு பாப்போம்" என்று மகளைக் கேட்டீர்கள். ஹைட்ரோன்னா தண்ணி, ஆலோஸ்னா குழாய், தண்ணி குழாயில போயி வேலை செய்யறதுப்பா என்று அவள் ஆசையாகச் சொன்னாள். "இத்தனை வருஷமா கிரேன் ஓட்டறேன், அதுல ஓடறது ஆயில்டி மக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தீர்கள். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனவள்தான், அதன்பிறகு அவள் போனைத் தொடவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லாம் இங்கிலீஷாகிப் போனதும் சயின்ஸ் புத்தகத்தைக் கண்டாலே இவள் அழுதது உங்களுக்குத் தெரியாது. இஞ்சினியரிங் படித்த ஜெயசுதா டீச்சர் சனிக்கிழமைகளில் கோயில் ஹாலில் பிள்ளைகளை உட்கார வைத்து, பெரிய பெரிய சொற்களைக் கரும்பு மாதிரி கணுக்கணுவாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அர்த்தம் சொல்லித் தருகிறார். அபிஷேகப்பாக்கத்தில் அண்ணன் கொல்லையில் போர் மோட்டாரைப் பார்த்து, சப்னா கீழ, மெர்ஸ்னா முங்கறது, அதான்மா சப்மெர்சிபிள் தண்ணிக்குள்ளயே கெடக்குது என்றாள். எனக்கே அன்றைக்குத்தான் விளங்கியது.

இப்போது வகுப்புக்குப் போவதில்லை. எனக்கு வராதும்மா என்கிறாள். டீச்சர் வீட்டுக்கே வந்து கூப்பிட்டும் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த மாதிரி இயந்திரங்களில் முதலில் தண்ணீர்தான் ஓடியதாம், எண்ணெய் பிறகுதான் வந்ததாம், பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டதாம். டீச்சர் சொன்னார். இது உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் மக்கு யார்?

இன்னொன்றும் கேளுங்கள். அந்தச் சொல்லை டீச்சர் தானாகச் சொல்லித் தரவில்லை. நீங்கள் அனுப்பிய போட்டோவில் கிரேன்மேல் எழுதியிருந்ததே, அதை எழுதிக்கொண்டு போய், எங்கப்பா வண்டியில இருக்குது, மொதல்ல இதச் சொல்லிக் குடுங்க என்று இவள்தான் கேட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை கூப்பிடுங்கள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வெளியே வந்து நின்று பேசுங்கள். அதே சொல்லை மறுபடி கேளுங்கள். அவள் முடிக்கிறவரை சும்மா இருங்கள். பிறகு, எண்ணெய் எப்படி அவ்வளவு பாரத்தைத் தூக்குகிறது என்று சொல்லுங்கள். டீச்சருக்கும் தெரியும்தான். ஆனால் அதை அவள் உங்கள் வாயால் கேட்கவேண்டும்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள்ளுங்கள். வடகம் உங்களுக்கு மட்டும், சிரித்தவர்களுக்கு ஒன்றுகூடக் கொடுக்கவேண்டாம். மாதா உங்களைக் காக்கட்டும். உங்கள் மகள் போனை எடுக்கட்டும்.

இப்படிக்கு,
செலின் மேரி