பனிக்காட்டில் ஒட்டிய கண்டக்குழி மணல்

என் தங்கமான ராத்தாவுக்கு,

ஸலாம். நீ அடங்கியிருக்கிற மையவாடிக்குப் பெண்கள் நாங்கள் வருவதில்லை, அதனால் எழுதுகிறேன். வந்திருந்தாலும் உன் முன்னால் நின்று இதைச் சொல்ல எனக்கு முகம் இருந்திருக்காது.

நீ தூக்கி வளர்த்த என் மகள் ரிஸ்னாவைப் பார்க்க, போன வெள்ளிக்கிழமை புத்தளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நல்ல குடும்பம். பெடியன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான். எல்லோரையும் நீ கீறிய படத்துக்கு நேரே உட்கார வைத்தேன்.

லெபனானில் வீட்டு வேலை செய்த காலத்தில் சமைத்துக்கொண்டே குசினி ஜன்னலால் நீ பார்த்த பனிக்காடு. அந்த வீட்டு மகள் பாவித்து மிச்சம் வைத்த எண்ணெய்ச் சாயங்களைப் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து, கண்டக்குழியில் நம் வீட்டு முற்றத்தில் இருந்து கீறினாய். பனி வெள்ளைதானே, ஏன் நீலமும் ஊதாவும் குழைக்கிறாய் என்று சண்டை பிடித்தேன். "வெள்ள மட்டும் பூசினா அது சுண்ணாம்புடி" என்றாய். ஒரு குருவியாவது வையேன் என்றதற்கு, உயிருள்ளதைக் கீறித் தொங்கவிட்டால் வானத்து மலக்குமார் வீட்டுக்குள் வரமாட்டார்கள் என்று மரங்களோடு நிறுத்திக்கொண்டாய்.

மாப்பிள்ளையின் உம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யார் கீறியது என்று கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? கொழும்பில் வாங்கியது என்றேன். வாய் கூசவில்லை. உன் பெயரைச் சொன்னால் லெபனான் வரும். பணிப்பெண்ணாகப் போனவர்களைப் பற்றி ஊர் கதைக்கிற கதையெல்லாம் பின்னால் வரும். சம்பந்தம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்துவிட்டேன். அவர்கள் இருந்த கதிரையும் தலைக்கு மேலிருந்த ஓடும் உன் உழைப்பு. அதற்குக் கீழே இருந்துகொண்டே உன்னை இல்லையென்று ஆக்கினேன்.

அந்த மனுஷி எழும்பிக் கிட்டப் போய், பனியை விரலால் தடவினார். வள்ளத்துக்குப் பூசுகிற பெயின்ட் மாதிரி உடனே காய்ந்துவிடும் என்று நினைத்து, கச்சான் காற்றில் நீ வெளியே சாத்தி வைத்த படமல்லவா? காற்று அள்ளி வந்த மணல் அந்த ஈரத்தில் ஒட்டி அப்படியே காய்ந்து கிடக்கிறது.

"கொழும்புல வாங்கினதுல நம்மட கடக்கர மண் எப்படி வந்திச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் தலை குனிந்தேன். தேத்தண்ணித் தட்டோடு நின்ற ரிஸ்னாதான் பதில் சொன்னாள். "எங்கட பெரியும்மா கீறினது. லெபனான்ல வேல செஞ்சவங்க. மௌத்தாகிட்டாங்க."

வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். இன்னும் பதில் வரவில்லை.

மகள் என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஏனும்மா அப்படிச் சொன்னீங்க என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். வெட்கத்தில் குறுகிப்போய்க் கிடக்கிறேன் ராத்தா. லெபனானுக்கு நான் போயிருந்து, நீ இங்கே இருந்திருந்தால், என்னை இப்படி மறைத்திருப்பாயா?

இனி இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன், இது என் ராத்தா கீறியது என்று. நாளைக்குக் காலை பஸ்ஸில் புத்தளம் போகிறேன். அவர்களுடைய பதிலைக் கேட்கப் போகவில்லை. அன்று ரிஸ்னா சொன்னதை என் வாயால் சொல்லப் போகிறேன்.

உன் கூடப்பிறந்த
தங்கச்சி