குளுக்கோஸைத்தான் ஒட்டியது

இன்று காலை இன்குபேட்டரின் மூடியைத் திறந்ததும் அந்த நாற்றம் முகத்தில் அடித்தது. குடுவைகளில் வளர்ந்து கலங்கிய பாக்டீரியாவின் நாற்றம். கழுவாத கழிவறையும் புளித்த மாவும் கலந்ததுபோல. எத்தனை வருடமானாலும் எனக்குக் குமட்டும். நீ மட்டும் குடுவைக்குள் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, "நல்லா வளந்துகீதுடி" என்பாய். பம்மலில் தோல் பதனிடும் பட்டறைக்குப் பின்னால் பிறந்தவளுக்கு இதெல்லாம் ஒரு நாற்றமா என்று சிரிப்பாய்.

தாம்பரத்து ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்கு இருவரும் ஒரே வாரம் சேர்ந்தோம். நிமோனியாவை உண்டாக்கும் ஒரு கிருமி, சர்க்கரையால் போர்வை நெய்து போர்த்திக்கொண்டு நம் உடலின் காவலை ஏமாற்றுகிறது. அந்தச் சர்க்கரையை ஒட்டவைக்கும் நொதியின் மரபணுவை எடுத்து, தீங்கில்லாத பாக்டீரியாவுக்குள் நுழைத்து, நொதியை நிறையச் செய்யவைப்பது உன் வேலை. மாதக்கணக்கில் அது எதற்கும் உதவாத கட்டியாகவே திரண்டது. குளிரில் மெதுவாக வளர்த்துப் பார்த்தாய். ஒரு மத்தியானம் கரைந்து, தெளிந்த நீராக வந்தபோது, கையுறையைக் கழற்றி வீசிவிட்டு என் கன்னத்தைக் கிள்ளினாய்.

எந்தச் சர்க்கரையை அது ஒட்டுகிறது என்பது அடுத்த கேள்வி. காலக்டோஸ் என்று நம் பேராசிரியர் முன்பே மேடைகளில் சொல்லிவிட்டிருந்தார். உன் நொதி காலக்டோஸை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொட்டதோடு சரி, குளுக்கோஸைத்தான் ஒட்டியது. மூன்று முறை செய்தாய். மூன்று முறையும் அதே.

"குளுக்கோஸ் ரீடிங்க விட்டுடும்மா, கிராஃப் சரியா வந்துடும்," என்றார்.

"வராதத வந்துச்சுன்னு எப்டி சார் எழுதறது?" என்றாய்.

மறுநாள் உன் நோட்டுகளை அவர் என் மேசையில் வைத்திருந்தார். அவர் சொன்ன எண்களை விட்டுவிட்டு நான் வரைபடம் போட்டேன். கட்டுரை என் பெயரில் வந்தது. எனக்குப் பட்டமும் அங்கேயே வேலையும் கிடைத்தன. நீ ஆய்வை விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் சேர்ந்தாய். ஒருநாள் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாய். நான் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது முழங்காலைத் தட்டி, "இன்னாடி, சாப்ட்டியா?" என்றாய். திட்டியிருக்கலாம்.

போன மாதம் காய்ச்சலில் நீ போய்விட்டாய். இரங்கல் கூட்டத்தில் பேராசிரியர், "அவளோட நேர்மைதான் இந்த லேபுக்கே அஸ்திவாரம்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன் அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். நான் வெளியே ஓடி, வண்டிகள் நிற்குமிடத்தில் வாந்தியெடுத்தேன். அந்த மனிதர் துடைத்த கண்ணும் அவர் சொன்னபடி வரைந்த என் கையும் ஒன்றாகவே நாறின.

பிறகு, நீ உறையவைத்துவிட்டுப் போன நொதிக் குப்பியை எடுத்து நானே செய்து பார்த்தேன். குளுக்கோஸ்தான். கட்டுரை பொய் என்று அதை வெளியிட்ட இதழுக்கு எழுதினேன்.

"உன் டிகிரியும் போயிடும், தெரியுமில்ல?" என்றார் பேராசிரியர்.

"தெரியும் சார்."

நேற்று உன் அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "உன்னபத்தி அவ தப்பா ஒண்ணுமே சொன்னதில்லியேமா," என்றார். பட்டம் போனால் போகட்டும். இந்தச் சொல்லை எங்கே இறக்கிவைப்பதென்றுதான் தெரியவில்லை.